கற்றுக்கொண்டவர்கள் ஓட்டுப் போடக் கூடாது

எங்கள் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளனாக அங்கேதான் சம்பளம் வாங்கினேன், அங்கேதான் பிள்ளைகளை வளர்த்தேன். கோபம் இருந்திருந்தால் இந்தக் கதையை இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு. புக்கிட் பாத்தோக்கில் புது அடுக்குமாடிப் புளோக்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு மேட்டின் மேல் இருந்தோம் நாங்கள். மற்றப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி செய்யும், நாங்கள் கற்பிப்போம் என்பது எங்கள் பெருமை. வாசலில் ‘கற்பித்தலே எங்கள் உயிர்’ என்று நான்கு மொழிகளில் பலகை வைத்திருந்தோம். அந்தப் பலகையைத் துடைக்க ஓர் ஆள், துடைத்தாரா என்று பார்க்க ஓர் அதிகாரி, அந்த அதிகாரிக்கு ஓர் அறை. கற்பித்தல் மேம்பாட்டு மையம், கற்பித்தல் தரப் பிரிவு, கற்பித்தல் கொள்கை அலுவலகம் என்று வரிசையாக வந்ததில் அறைகள் போதவில்லை. வகுப்பறைகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டோம். எல்லாப் பிரிவுகளிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பாடம் எடுக்கத்தான் ஆள் பற்றாக்குறை.

இயற்பியல் பாடம் எடுத்தவர் லாசரஸ். ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் வேலை முடிந்துவிடும், ஜூலையில் மறுபடி தொடங்கும். நடுவில் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே அட்டையை வாங்கிக்கொள்வார். அவருடையது மாலை வகுப்பு. பகலெல்லாம் ஜூரோங் தொழிற்சாலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் நின்றுவிட்டு வருகிற பிள்ளைகள், சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று நாற்பது பேர், கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

லாசரஸுக்கு ஒரு பழக்கம். ‘புரிந்தது’ என்று மாணவர் சொன்னால் நம்ப மாட்டார். “அப்படியா, சரி, இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க” என்று சுண்ணக்கட்டியை நீட்டிவிடுவார். ‘புரியவில்லை’ என்று சொன்னால் மட்டும் உடனே நம்பிவிடுவார். எது புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று ஒரு கேள்வி கேட்க மாட்டார். பலகையில் இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். இதனால் பாடம் மெதுவாகத்தான் நகரும். ஆனால் அவரிடம் படித்துவிட்டுப் பரீட்சையில் விழுந்தவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் இயற்பியலுக்கு ஒரு நிரந்தரப் பேராசிரியரை எடுப்பதென்று முடிவாயிற்று. நிரந்தரம் வந்துவிட்டால் தற்காலிகத்துக்கு இடமில்லை. அந்த வேலை லாசரஸுக்குக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

வீட்டில் இருக்கவும் விட மாட்டார்கள். அவர் மனைவி ரோசம்மாவின் அண்ணன் இஞ்ஞாசிக்கு சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில் மிளகாய், மல்லி அரைக்கும் மில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது இஞ்ஞாசி பாசத்தோடு சொன்னார்.

“மாப்ள, வேலை கிடைச்சா சந்தோஷம். கிடைக்கலைன்னாலும் கவலைப்படாதீங்க லா. மிளகா மிஷின் பக்கத்துல ஒரு ஆள் வேணும். உங்களுக்குன்னு முக்காலிகூட வாங்கிப் போட்டுட்டேன்.”

அந்த முக்காலி லாசரஸைத் தூங்க விடவில்லை. “மில்லு வேலை கேவலம்னு நான் நினைக்கல, தனசேகர். மச்சான் அதுலதான் ஏழு பேருக்குச் சோறு போடுறாரு. ஆனா சொல்லிக் கொடுக்காம என்னால இருக்க முடியாது. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, வேற ஒண்ணும் பிடிக்கவும் இல்ல” என்று என்னிடம் சொன்னார்.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டவர் பதிவாளர் சாகுல் ஹமீது. நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். விதிப் புத்தகத்தைத் திறந்தால்தான் வேறு ஆளாகிவிடுவார்.

“அனுபவம்னு போட்ட இடத்துல இங்க ஒன்பது வருஷம்னு எழுதியிருக்கீங்களே, லாசரஸ். அது செல்லாது. தற்காலிகமா எடுத்த பாடம் தற்காலிக அனுபவம். ஜூன் மாசம் வேலை முடிஞ்சா அனுபவமும் முடிஞ்சிரும்.”

“அப்ப எனக்கு எத்தனை வருஷ அனுபவம், சார்?”

“போன ஜூலையிலேருந்து பார்க்கணும்” என்றார் சாகுல் ஹமீது, உண்மையான வருத்தத்தோடு.

அடுத்தது, தம்முடைய கற்பித்தல் தத்துவத்தைப் பன்னிரண்டு பக்கங்களில் எழுதித் தர வேண்டும். லாசரஸ் ‘பிள்ளைகளுக்குப் புரியும்வரை சொல்வது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். போதவில்லை என்று திரும்பி வந்தது. நானும் அவரும் கோப்பிக் கடையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பன்னிரண்டு பக்கத்துக்கு இழுத்தோம். ஆறாம் பக்கம் என்ன சொல்கிறது என்று எழுதிய எங்களுக்கே விளங்கவில்லை. தேர்வுக் குழு அந்த ஆறாம் பக்கத்தைத்தான் மிகவும் பாராட்டியது.

குழுவின் தலைவி டாக்டர் சிவகாமசுந்தரி, கற்பித்தல் மேம்பாட்டு மையத்தின் இயக்குநர். கற்பித்தலை மேம்படுத்துகிற வேலை அதிகமானதால் எழுபதாம் ஆண்டோடு வகுப்பெடுப்பதை விட்டுவிட்டார். இரண்டாவது உறுப்பினர் நிதிப் பிரிவின் திரு கோ. மூன்றாவது அறிவியல் டீன் டாக்டர் சுந்தரம். இளவயதில் இயற்பியல் படித்தவர், பிறகு கோப்புகளில் மூழ்கி வெளியே வராதவர். இவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருந்தது.

நேர்முகத் தேர்வு நாளன்று, மாலை வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் வேலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆயிஷாதான் கூட்டி வந்தது. ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, வாய் கொஞ்சம் நீளம்.

“தனசேகர் அண்ணே, சார் எப்படிச் சொல்லிக் கொடுப்பாருன்னு எங்களைக் கேட்டா நாங்க சொல்லுவோம்ல. வேற யாருக்குத் தெரியும்?”

டாக்டர் சிவகாமசுந்தரி வாசலுக்கே வந்து அவர்களிடம் அன்பாகப் பேசினார்.

“மாணவர்களே, உங்களை இந்தப் பல்கலைக்கழகம் மிகவும் மதிக்கிறது. அதனால்தான் உங்களிடம் எதுவும் கேட்பதில்லை. நமது பதினேழாவது விதிப்படி, ஒரு விண்ணப்பதாரரிடம் எதையாவது கற்றுக்கொண்ட எவரும் அவரைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது. கற்றுக்கொண்டால் நன்றி வந்துவிடும். நன்றி வந்துவிட்டால் நடுநிலை போய்விடும். ஓர் ஆசிரியரை நடுநிலையோடு மதிப்பிட அவரிடம் எதையும் கற்காதவர்களால்தான் முடியும்.”

ஆயிஷா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டது. பிறகு பத்துப் பேரும் புல்தரையில் போய் உட்கார்ந்தார்கள்.

தேர்வில் விண்ணப்பதாரர் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மாணவர்கள் இல்லாவிட்டால் அது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். குழுவினரே மாணவர்களாக நடிப்பார்கள். அதற்கு அட்டைகள் உண்டு. சிவகாமசுந்தரிக்கு ‘ஆர்வமுள்ள மாணவி’. திரு கோவுக்கு ‘தாமதமாக வருபவர்’. டீன் சுந்தரத்துக்கு ‘மந்தமானவர்’. கையில் மணியோடு ஓரத்தில் நின்றவன் நான். முதல் மணிக்கு மாணவர்கள் கவனிக்க வேண்டும், இரண்டாம் மணிக்குச் சந்தேகம் கேட்க வேண்டும், மூன்றாம் மணிக்குப் புரிந்துகொள்ள வேண்டும். வகுப்பறை எதுவும் காலியில்லை. நிர்வாகக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் கூட்ட அறையில் நடந்தது.

லாசரஸ் எடுத்துக்கொண்டது மின்தூக்கிப் பாடம். மின்தூக்கிக்குள் ஆள் எடை பார்க்கும் முள் தராசு ஒன்றை வைத்து அதன் மேல் ஓர் ஆள் நின்றால் அவர் எடை எப்போது குறையும், எப்போது கூடும்? மாலை வகுப்பிலும் முந்தின நாள் இதைத்தான் நடத்தினார். பாதியில் நேரம் முடிந்து, மீதி அடுத்த வகுப்பில் என்று நிறுத்தியிருந்தார்.

முதல் மணி அடித்தேன். சிவகாமசுந்தரி ஆர்வமானார். திரு கோ வெளியே நடைவழியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் மணிக்கு சந்தேகங்கள் கேட்கப்பட்டன. எல்லாம் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தவை. மூன்றாம் மணி அடிக்கப் போகிற நேரத்தில் திரு கோ உள்ளே வந்து உட்கார்ந்தார். மணி அடித்தேன். மூவரும் ஒரே குரலில் “புரிந்தது” என்றார்கள்.

அத்தோடு வகுப்பு முடிந்தது, எல்லோரும் கை தட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் லாசரஸ் ஒன்பது வருடப் பழக்கத்தில் ‘புரிந்தது’ என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த டீனிடம் சுண்ணக்கட்டியை நீட்டிவிட்டார்.

“சரி, இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க.”

டீன் திகைத்துப்போய் எழுந்தார். “மின்தூக்கி கீழே இறங்கினால் எடை குறையும்” என்றார்.

“இறங்கத் தொடங்கும்போது குறையும், சரி. நடுவழியில?”

“நடுவழியிலும் குறைவாகத்தான் இருக்கும். இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது?”

“வாங்க, போய்ப் பார்ப்போம்” என்றார் லாசரஸ்.

மாதிரி வகுப்பு அறையை விட்டு வெளியே போகலாமா என்று சாகுல் ஹமீது விதிப் புத்தகத்தைப் புரட்டினார். போகலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. ஆகவே குழு முழுவதும் மின்தூக்கிக்குள் ஏறியது. ஆய்வுக்கூடத்துத் தராசைத் தரையில் வைத்தேன். டீன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்றார்.

மின்தூக்கி இறங்கத் தொடங்கியதும் முள் சட்டென்று கீழே வந்தது. டீன் வெற்றியோடு லாசரஸைப் பார்த்தார். அதற்குள் முள் பழைய இடத்துக்கே போய்விட்டது. நடுவழி முழுவதும் அங்கேயே நின்றது. தரைத்தளம் வந்து நிற்கும்போது மேலே ஏறியது. டீனுக்குக் கண்கள் விரிந்துவிட்டன.

“இன்னொரு தடவை” என்றார்.

கதவு திறந்தபோது வெளியே துணைவேந்தர் இரண்டு வெளிநாட்டு விருந்தினர்களோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே தமது அறிவியல் டீன் காலுறையோடு தராசின் மேல் நிற்பதைப் பார்த்தார். “மன்னிக்கவும், பாடம் நடக்கிறது” என்று லாசரஸ் பொத்தானை அழுத்தினார். துணைவேந்தர் விருந்தினர்களைப் படியில் கூட்டிப் போனார். அந்தக் கட்டடத்தில் பாடம் நடந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மேலும் கீழுமாகப் போய் வந்தோம். நாலாவது பயணத்தில் டீன் தாமாகவே கத்தினார். “வேகம் இல்லை. வேகம் மாறுவதுதான். வேகம் மாறினால்தான் முள் அசைகிறது.” லாசரஸ் சிரித்தார். பிறகு டீன், “ஆனால் மேலே போய் நிற்கும்போதும் எடை குறைகிறதே, மேலே போகும்போது ஏன் குறைய வேண்டும்?” என்று கேட்டார். லாசரஸ் வாயைத் திறந்தார். சாகுல் ஹமீது நேரம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார்.

லாசரஸை வெளியே உட்கார வைத்துவிட்டுக் குழு கூடியது. மணியை என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால் நான் உள்ளேயே நின்றேன்.

“ஓட்டெடுப்புக்கு முன்னால் பதினேழாவது விதிப்படி ஓர் உறுதிமொழி” என்றார் சாகுல் ஹமீது. “இன்று விண்ணப்பதாரரிடம் உறுப்பினர்கள் எதையாவது கற்றுக்கொண்டார்களா?”

“நிச்சயமாக இல்லை” என்றார் திரு கோ. “நான் தாமதமாக வந்தேன்.”

“இந்தப் பல்கலைக்கழகத்தில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்” என்றார் டாக்டர் சிவகாமசுந்தரி. “யாரிடமும் எதையும் கற்றதில்லை என்று தலைநிமிர்ந்து சொல்ல முடியும்.”

டீன் சுந்தரம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “நான் கற்றுக்கொண்டேன்” என்றார்.

சிவகாமசுந்தரி அவர் தோளைத் தொட்டு, “அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், யோசித்துச் சொல்லுங்கள்” என்றார். டீன் யோசித்தார். “இல்லை, நன்றாகவே கற்றுக்கொண்டேன்” என்றார்.

அவரை ஓட்டெடுப்பிலிருந்து விலக்கினார்கள். ‘எளிதில் கற்றுக்கொள்ளக் கூடியவர், குழுக்களுக்குத் தகுதியற்றவர்’ என்று அவருடைய கோப்பிலும் குறித்துக்கொண்டார்கள். மீதி இருந்த இருவரும் மதிப்பெண் போட உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி, ‘விண்ணப்பதாரரின் வகுப்பில் நீங்கள் கற்றது என்ன?’ எதையும் கற்கவில்லை என்று சற்று முன்தானே உறுதி கொடுத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் பூஜ்யம் போட்டார்கள்.

வேலை இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் பிரெஸ்காட்டுக்குப் போயிற்று. இருபது வருடம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் நிலவறையில் இருந்தவர், பாடம் எடுத்ததே இல்லை. தூரத்தை உத்தேசித்து மாதிரி வகுப்புக்குப் பதிலாக ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். படத்தில் அவருக்குப் பின்னால் கரும்பலகை இருந்தது. வரவேற்புக் கூட்டத்தில் டாக்டர் சிவகாமசுந்தரி பெருமையோடு பேசினார்.

“இவரிடம் எதையும் கற்றவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. இவரைப் போல நடுநிலையோடு தேர்ந்தெடுக்கப்பட்ட பேராசிரியர் இதுவரை நமக்குக் கிடைத்ததில்லை.”

மாலை வகுப்பு மறுபடி கூடுவதற்குள் ஜூன் முடிந்துவிட்டது. லாசரஸ் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த முறை அதை மறுபடி வாங்கிக்கொள்ளவில்லை.

மில்லுக்கு ஒரு தடவை போய் அவரைப் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தார், தலைமயிரெல்லாம் சிவப்பாக. மஞ்சள் அரைக்க வந்த ஒரு பெண்ணிடம் மிஷினின் சக்கரம் ஏன் பெரிதாக இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் “புரியுதுங்க, புரியுதுங்க” என்று தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு தவித்தாள். லாசரஸ் விடவில்லை. இஞ்ஞாசி என்னைத் தனியே இழுத்தார்.

“தம்பி, மாப்ள தங்கமான மனுசன். ஆனா வர்றவங்க எல்லாருக்கும் பரீட்சை வைக்கிறாரு லா. பாதிப் பேரு எதுத்த கடைக்குப் போயிட்டாங்க.”

இங்கே பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்புக்குப் பாடம் எடுக்க யாரும் வரவில்லை. நிரந்தரப் பேராசிரியர் எல்லாத் தேர்வுக் குழுக்களிலும் இருந்தாக வேண்டும். அவர் பாடம் எடுத்து, அதில் யாராவது எதையாவது கற்றுக்கொண்டு, பின்னால் அவர்களே வேலைக்கு வந்து நின்றால் சிக்கல். ஆகவே டாக்டர் பிரெஸ்காட்டை மாணவர்கள் கண்ணில் படாமல் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். நான் தினமும் வகுப்பறையைத் திறந்துவிட்டேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் டீன் சுந்தரமே மில்லுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. மிளகாய் நெடியில் தும்மித் தும்மிப் பேசினார்.

“லாசரஸ், நீங்க திரும்பி வரணும். பரீட்சை வருது. தற்காலிகம்தான், ஜூன் வரைக்கும். இதுக்கு இண்டர்வியூ கிடையாது.”

ரோசம்மா அன்றைக்கு அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். “அவ்வளவு அவமானப்படுத்தி அனுப்பிட்டு, இப்ப மறுபடியும் தற்காலிகமா? உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லையா?” என்று டீனிடமே கேட்டுவிட்டார். எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டும்போல் இருந்தது.

“இருக்கும்மா” என்றார் டீன்.

லாசரஸ் கையைத் துடைத்துக்கொண்டார். “பிள்ளைங்க எங்க நிக்கிறாங்க?” என்று என்னைக் கேட்டார்.

“நீங்க விட்ட இடத்துலதான் சார். மேல போய் நிக்கப் போற லிஃப்ட்ல.”

“அங்கேயேவா இன்னும்?” அவர் முகம் சுருங்கிவிட்டது. முக்காலியை விட்டு எழுந்தார். இஞ்ஞாசி அதை உடனே உள்ளே எடுத்து வைத்ததைப் பார்த்தேன்.

அந்த வாரமே மின்தூக்கியின் மீதிப் பாடம் நடந்தது. மேலே போகிற மின்தூக்கி நிற்பதற்காக வேகத்தைக் குறைக்கிறது. உள்ளே இருக்கிற ஆள் மேலே போகவே பார்க்கிறார். அதனால் தராசின் மேல் அவர் அழுத்துவது குறைகிறது. ஆயிஷா “புரிஞ்சுது” என்றதும் சுண்ணக்கட்டி நீண்டது. அந்தப் பெண் எழுந்து போய் நிறுத்தாமல் அழகாகச் சொன்னது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டீன் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். குழுக்களிலிருந்து விலக்கிய பிறகு அவருக்கு மாலைகள் காலியாக இருந்தன.

அப்போது சாகுல் ஹமீது உள்ளே வந்தார். வரும் ஆண்டு லாசரஸை நிரந்தரமாக்க மாணவர் கருத்தையும் கேட்க வேண்டும் என்று டீன் எழுதிக் கொடுத்திருந்தார். பதிவாளரும் மனதார உதவ நினைத்துத்தான் வந்தார்.

“முதலில் பதினேழாவது விதி” என்றார். “இவரிடம் எதையாவது கற்றுக்கொண்டவர்கள் கை தூக்கவும்.”

டீன் மட்டும் கை தூக்கினார். ஆயிஷா திரும்பி வகுப்பைப் பார்த்தது. ஒரு கையும் எழவில்லை. ஆயிஷா எழுந்து நின்றது.

“நாங்க யாரும் இவர்கிட்ட எதுவுமே கத்துக்கல, சார்.”

சாகுல் ஹமீதின் முகம் மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் எல்லோரும் தகுதியானவர்கள். இப்போது சொல்லுங்கள், இவர் எப்படிப்பட்ட ஆசிரியர்?”

“இவரை மாதிரி சொல்லிக் கொடுக்க ஆளே இல்ல, சார்” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“மிக நல்லது. இவரிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள்? ஒன்றே ஒன்று சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறேன்.”

முன்வரிசையில் ஒரு சீனப் பையன் வாயைத் திறந்தான். ஆயிஷா அவன் காலை மிதித்தது. சாகுல் ஹமீது பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை மூடினார். “நான் என்ன செய்ய முடியும்” என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனார்.

லாசரஸ் பலகைக்கு முன்னால் அசையாமல் நின்றார். பலகை முழுவதும் மின்தூக்கியும் அம்புக்குறிகளும், பாதி அவர் கையெழுத்து, பாதி ஆயிஷாவின் கையெழுத்து. எதுவுமே கற்றுக்கொள்ளவில்லை என்று நாற்பது பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் அவர் எப்போதும் நம்பிவிடுவார்.

துடைப்பானை எடுத்து, ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அழித்தார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை.

“சரி” என்றார். “லிஃப்ட் தரைத்தளத்துல நிக்குது. உள்ள ஒரு ஆள், தராசு மேல.”

நாற்பது பேரும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்கள். டீனும் திருப்பினார்.

“அவசரமில்ல” என்றார் லாசரஸ், பலகையைப் பார்த்தபடியே. “ஜூன் வரைக்கும் நேரம் இருக்கு.”